சுண்ணாம்பு பட்ட கண்: கருவிழி மாற்றியும் வெள்ளை படருது. ஸ்டெம் செல் கைகொடுக்குமா?

கரிசல்மண்:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். வெள்ளையடிக்கிற வேலை பார்க்கிறான். டிரம்மில் சுண்ணாம்பு கரைக்கும்போது தெறித்து வலது கண்ணுக்குள் போய்விட்டது. கூட இருந்தவர்கள் விளக்கெண்ணெய் விட்டு, துணியைக் கட்டி, பஸ் பிடித்து டவுனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இடது கண் நன்றாக இருக்கிறது.

ஒரு ஆஸ்பத்திரியில் தானக் கண் கிடைத்ததும் கருவிழி மாற்று ஆபரேஷன் செய்தார்கள். ஆரம்பத்தில் நல்ல தெளிவு. செல்போனில் எழுத்துகூட வாசித்தான். அப்புறம் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் படர்ந்து, அதன் மேல் சிவப்பாக ரத்தக்குழாய் ஓட ஆரம்பித்தது. இப்போது முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் தெரிகிறது, அவ்வளவுதான்.

வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, "கருவிழி ஓரத்தில் இருக்கிற ஸ்டெம் செல் செத்துப் போச்சு, அதைச் சரி பண்ணாமல் எத்தனை கருவிழி வைத்தாலும் நிற்காது" என்கிறார். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வயிற்றுக் கொழுப்பில் ஸ்டெம் செல் எடுத்துக் கண்ணில் ஊசி போட்டால் எந்தக் கண் கோளாறும் சரியாகுமாம், முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் "ஸ்டெம் செல்" என்றுதான் சொல்கிறார்கள். பையனுக்குக் கல்யாண வயது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்லிட்லாம்ப்:
அண்ணே, முதலில் அந்த விளம்பரக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இதே மாதிரி வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்ததை இரண்டு கண்ணிலும் ஊசி போட்டுக்கொண்ட வயதான பெண்கள் மூன்று பேருக்குப் பார்வை பறிபோனது. 2017-ல் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி. அவர்களுக்கு இருந்தது விழித்திரைக் கோளாறு, உங்கள் பையனுக்கு இருப்பது வேறு. ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே ஊசி என்று சொல்கிற இடம் எதற்கும் ஆகாது.

நான் கண் மருத்துவமனையில் கருவிழிப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்ட். இரண்டாவது டாக்டர் சொன்னது சரி. ஏன் என்று சொல்கிறேன்.

கருவிழியின் மேல்தோல் ஒரு வாரம், பத்து நாளில் உதிர்ந்து புதுசாகிக்கொண்டே இருக்கும். அதற்கான புது செல்கள் கருவிழிக்குள்ளிருந்து வருவதில்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்கிற அந்த வளையத்திலிருந்து, லிம்பஸ் என்போம், அங்கிருந்து நடுப்பக்கமாக நகர்ந்து வருகின்றன. ஸ்லிட் லாம்ப் என்கிற கண் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் வைத்து மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் நல்ல கண்ணில் அந்த வளையத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வேலிக்குச்சி மாதிரி வரிசையாகத் தெரியும். அந்த மடிப்புகளுக்குள்தான் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருக்கின்றன. சுண்ணாம்பு பட்ட கண்ணில் அந்தக் கோடுகள் இருக்காது. ஆரஞ்சு நிறச் சாயத்தாளை இமைக்குள் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், சரியில்லாத தோல் இருக்கிற இடமெல்லாம் பச்சையாகச் சுழி சுழியாய் ஒளிரும்.

வளையம் செத்ததும், கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கிற தோல் தன் ரத்தக்குழாயோடு கருவிழி மேல் ஏறிவிடும். தானக் கருவிழி அதன் சொந்த மேல்தோலோடுதான் வருகிறது. அது தாக்குப்பிடிக்கிற வரை தெளிவு. உங்கள் பையன் ஆரம்பத்தில் வாசித்தது அந்தத் தோலை வைத்துத்தான். அது உதிர்ந்ததும் அனுப்புவதற்கு வளையத்தில் ஆள் இல்லை. நாற்றங்கால் கருகிக் கிடக்கும்போது வயலை மட்டும் திருத்தி என்ன பிரயோஜனம்?

கண்தானம்_செய்வோம்:
இதைப் படித்ததும் மனசு கனத்துப் போனது தம்பி. துக்க வீட்டில் போய் நின்று, அழுகிற பிள்ளைகளிடம் கேட்டு, ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவைத்து, குளிர்பெட்டியில் அனுப்புகிறோம். அந்தக் கண் இப்படி வீணாகுமா? இந்தியாவின் முதல் கண் வங்கியே 1945-ல் நம் சென்னையில் டாக்டர் முத்தையா தொடங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் சரியான ஆளுக்குத்தான் வைக்கிறோமா என்று பார்க்க வழி இல்லையா?

ஸ்லிட்லாம்ப்:
அக்கா, வழி இருக்கிறது. நான் மேலே சொன்ன பரிசோதனைதான் அந்த வழி, ஸ்லிட் லாம்ப் உள்ள எந்த இடத்திலும் செய்யலாம். வளையம் நன்றாக இருக்கிறவர்களுக்கு, உதாரணமாகக் கூம்புக் கருவிழி இருக்கிற இளைஞர்களுக்கு, தானக் கருவிழி அற்புதமாக நிற்கும். உங்கள் உழைப்பு பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் போகிறது. சுண்ணாம்பு, ஆசிட் பட்ட கண்ணுக்கு நேராகக் கருவிழியைத் தைப்பதுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தானக் கண்ணிலிருந்து நடுவில் வட்டமாக வெட்டிப் பயன்படுத்திய பிறகு, சுற்றி ஒரு வளையம் மிஞ்சும். அதில்தான் குருத்தணுக்கள் இருக்கின்றன. இரண்டு கண்ணும் வெந்தவர்களுக்கு அந்த மிச்ச வளையத்திலிருந்து எடுத்து வைக்கிறார்கள். பிறருடைய செல் என்பதால் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நீண்ட நாள் மருந்து சாப்பிட வேண்டும். ஆனால் வாய்ப்பே இல்லாதவருக்கு அது ஒரு வாய்ப்பு.

பெட்ரிதட்டு:
நான் செல் உயிரியல் ஆய்வில் இருக்கிறேன். கருவிழி மாற்றின் வரலாறே சுண்ணாம்பில் வெந்த கண்ணில்தான் தொடங்குகிறது. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலொமோட்ஸ் ஊரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் செய்ததுதான் வெற்றிகரமான முதல் கருவிழி மாற்று. நோயாளி சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன ஒரு தொழிலாளி. இரண்டு கண்ணிலும் வைத்தார், ஒன்று கெட்டது, ஒன்று நின்றது. நின்ற கண்ணில் வளையம் கொஞ்சம் உயிரோடு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வளையத்தின் அருமை புரிய எண்பதுகள் ஆகிவிட்டது. 1989-ல் கென்யன், செங் என்ற இருவர் நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து திசுவை வெட்டிக் கெட்ட கண்ணில் வைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். பலன் இருந்தது. ஆனால் நல்ல கண்ணிலிருந்து நிறைய எடுக்க வேண்டியிருந்தது. இருக்கிற ஒரே நல்ல கண்ணில் அவ்வளவு கை வைக்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

1997-ல் இத்தாலியில் கிராட்சியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே டி லூக்கா குழு, துளியளவு திசுவை எடுத்து ஆய்வகத்தில் தோல் தாளாக வளர்த்து இரண்டு நோயாளிகளுக்கு வைத்தது. 2010-ல் 112 பேரின் முடிவுகள் வந்தன. 76.6 சதவீதம் பேருக்கு மேற்பரப்பு நிலையாகச் சீரானது. அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கணக்கு. வளர்த்த தாளில் பி63 என்ற புரதம் மிகுந்த செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 78 சதவீதம் வெற்றி. அதற்குக் குறைந்தால் 11 சதவீதம்தான். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற இரண்டு தாள்களில் ஒன்று வருஷக்கணக்கில் நிற்கும், இன்னொன்று சில மாதங்களில் கரைந்துவிடும். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருக்கிற செல்கள் எதையும் தீர்மானிப்பதில்லை.

இந்த வகையில் மதுரைக்கும் பங்கு உண்டு. அரவிந்த் ஆய்வு நிறுவனத்தில் முத்துக்கருப்பன் குழு 2005-ல், பி63 மிகுதியோடு, உட்கரு பெரிதாகவும் அதைச் சுற்றியுள்ள பகுதி சின்னதாகவும் இருக்கிற செல்களே குருத்தணுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இத்தாலிக்காரர்களின் முறை 2015-ல் ஹோலோக்ளார் என்ற பெயரில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

கரிசல்மண்:
இத்தாலி வரை போகிற வசதி எங்களுக்கு இல்லையே அம்மா. இங்கே என்ன வழி?

ஸ்லிட்லாம்ப்:
இங்கேதான் நல்ல செய்தி. ஒரு கண் மட்டும் வெந்தவர்களுக்கு உலகம் முழுக்க இன்று செய்கிற ஒரு முறை ஹைதராபாத்தில் பிறந்தது. எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை. நம் சாலிகிராமத்து பிரசாத் ஸ்டுடியோவின் எல்.வி. பிரசாத் நிலமும் பணமும் கொடுக்க, 1987-ல் டாக்டர் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் தொடங்கியது. அங்கே 2001-லிருந்தே ஆய்வகத்தில் வளர்த்து வைத்தார்கள், 200 பேரில் 71 சதவீதம் வெற்றி என்று 2011-ல் எழுதினார்கள். நல்ல பலன்தான், ஆனால் அந்த ஆய்வகத்தை நடத்துகிற செலவு எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது.

அதனால் விரேந்தர் சங்வான், சயன் பாசு குழு ஆய்வகத்தையே நடுவிலிருந்து எடுத்துவிட்டது. 2012-ல் வெளியிட்டார்கள். ஸ்லெட் என்று பெயர்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது. நல்ல கண்ணின் ஓரத்தில் 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் திசு. கெட்ட கண்ணில் கருவிழி மேல் ஏறியிருக்கிற ரத்தச் சதையை மெதுவாக உரித்து எடுப்பார்கள். உரிக்க உரிக்க, அடியில் எவ்வளவு தெளிவு மிச்சம் இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் தெரியவரும், அந்த நிமிஷம் அறையில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு பனிக்குடச் சவ்வு, சிசேரியன் ஆன தாய்மார்களின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்துப் பதப்படுத்தியது, அதை ஃபைப்ரின் பசையால் ஒட்டுவார்கள். அந்தத் துளித் திசுவை எட்டு, பத்துத் துண்டாக நறுக்கி, பார்வைக்கு நேரான நடுவை விட்டுவிட்டு வட்டமாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பசைத் துளி. மேலே ஒரு மென்மையான கான்டாக்ட் லென்ஸ். முடிந்தது. வளர்ப்பெல்லாம் கண்ணிலேயே நடக்கிறது. ஒவ்வொரு துண்டிலிருந்தும் புதுத்தோல் பரவி, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

2016-ல் 125 பேரின் முடிவுகள் வந்தன. 76 சதவீதம் வெற்றி. பெரிய ஆய்வகம் வைத்துச் செய்ததற்கு ஈடான எண்.

இரட்டைச்சுழி:
மன்னிக்கவும், ஒரு சாதாரண ஆளாகக் கேட்கிறேன். 76-ஐ எல்லோரும் சொல்கிறீர்கள், மீதி 24 சதவீதம் பேர் என்ன ஆனார்கள்? "வெற்றி" என்றால் பார்வை வந்துவிட்டது என்று அர்த்தமா? நல்ல கண்ணில் கத்தி வைப்பதற்கு முன்னால் இதையெல்லாம் அந்தப் பையனிடம் யாராவது சொல்வார்களா?

ஸ்லிட்லாம்ப்:
சொல்லியே ஆகவேண்டும். சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

வெற்றி என்றால் மேற்பரப்பு முழுக்க நல்ல தோல் மூடி, ரத்தக்குழாய் மறுபடி ஏறாமல் நிற்பது. பார்வை அதற்கு அடுத்த விஷயம். சுண்ணாம்பு ஆழமாக இறங்கியிருந்தால் நடு அடுக்கில் தழும்பு இருக்கும். தோல் கண்ணாடி மாதிரி இருந்தாலும் தழும்பு மறைக்கும். அப்போது மாதக்கணக்கில் பொறுத்து, மேற்பரப்பு நிலைத்த பிறகு, தானக் கருவிழி வைக்கலாம். இந்த முறை அதற்குத் தோல் அனுப்ப வளையம் இருக்கிறது, அதனால் நிற்க வாய்ப்பு உண்டு.

தோற்றவர்களைப் பற்றியும் அதே கட்டுரை சொல்கிறது. ஆசிட் பட்ட கண், இமையும் கண்ணும் கடுமையாக ஒட்டிக்கொண்ட கண், வைத்த துண்டுகள் விழுந்துபோன கண், அதோடு ஸ்லெட்டையும் கருவிழி மாற்றையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்த கண். கரிசல்மண் அண்ணே, இந்தக் கடைசி வகையை மனதில் வையுங்கள். "ஒரே ஆபரேஷனில் இரண்டையும் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஏன் அப்படி என்று கேளுங்கள். கருவிழி ஓட்டையாகும் நிலையில் இருந்தால் வேறு வழி இல்லாமல் செய்வார்கள், அது நியாயம். அவசரம் இல்லாத கண்ணுக்கு முதலில் வளையம், அப்புறம்தான் கருவிழி. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நல்ல கண்: எடுப்பது கடிகார முகத்தில் ஒரு மணி நேர இடத்துக்கும் குறைவு. ஆனால் அந்தக் கண் உண்மையிலேயே நல்ல கண்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு தெறிக்கும்போது சில சமயம் அதிலும் கொஞ்சம் பட்டிருக்கும், தொந்தரவு இல்லாததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பெட்ரிதட்டு:
ஸ்லெட்டின் அழகை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வகமே தேவையில்லை என்கிற தொனி வருவதை ஏற்கமாட்டேன். நறுக்கிய துண்டுகளில் எத்தனை குருத்தணு இருக்கிறது என்று ஸ்லெட்டில் யாருக்கும் தெரியாது. வளர்ப்பு முறையில் கண்ணில் வைப்பதற்கு முன்பே தரம் பார்க்க முடியும். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஐ அண்ட் இயர் மருத்துவமனையில் உலா யுர்குனாஸ் குழு அப்படித்தான் செய்கிறது. 14 பேரின் முடிவுகள் 2025-ல் வந்தன. மூன்றாம் மாதம் பாதிப் பேருக்கு முழு வெற்றி, பன்னிரண்டாம் மாதம் 79 சதவீதம். அதைவிட முக்கியம், எடுப்பதற்கு நல்ல கண்ணே இல்லாதவர்களுக்கு ஸ்லெட் என்ன தரும்?

மழைமகள்:
அந்த "நல்ல கண்ணே இல்லாதவர்" நான்தான். காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்து, உடம்பெல்லாம் தோல் உரிந்து பிழைத்தேன். இரண்டு கண்ணும் போயிற்று. கண்ணீரே சுரப்பதில்லை. இமை திறக்கும்போது மணல் உரசுகிற மாதிரி இருக்கும். இதைக்கூடச் சொல்லித்தான் தட்டச்சு செய்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதோ செய்திருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினார்கள். பொய் ஆறுதல் வேண்டாம், உண்மை நிலவரம் சொல்லுங்கள்.

பெட்ரிதட்டு:
உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் தங்கச்சி.

ஒசாகாவில் கோஜி நிஷிதா என்பவர் இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு கண்ணும் போனவர்களுக்காகவே உழைக்கிறார். 2004-ல் நோயாளியின் வாய்க்குள் கன்னத்துத் தோலிலிருந்து செல் எடுத்துத் தாளாக வளர்த்து நான்கு பேருக்கு வைத்தார். சொந்தச் செல், தள்ளிவிடும் பயம் இல்லை. ஆனால் அது வாய்த் தோல், கருவிழித் தோலின் தெளிவு முழுதாக வராது, ரத்தக்குழாயும் கொஞ்சம் வரும்.

அடுத்தது நீங்கள் கேள்விப்பட்டது. வளர்ந்த செல்லையே கருவில் இருந்த நிலைக்குத் திருப்பலாம் என்று ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் காட்டினார், 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அப்படித் திருப்பிய செல்லிலிருந்து கருவிழித் தோலை உருவாக்கி, 2019 முதல் 2020-க்குள் நான்கு பேருக்கு நிஷிதா குழு வைத்தது. 2024-ல் இரண்டு வருஷ முடிவுகள் வந்தன. கட்டி எதுவும் வரவில்லை, உடம்பு தள்ளிவிடவில்லை. நான்கு பேருக்கும் முன்னேற்றம், ஒருவருக்கு மட்டும் ஒரு வருஷத்துக்குள் அந்தப் பலன் குறைந்தது. வெறும் நான்கு பேர்தான். ஆனால் பாதுகாப்பு பற்றிய பெரிய பயம் ஒன்று நீங்கியிருக்கிறது.

ஸ்லிட்லாம்ப்:
மழைமகள், ஒரு வார்த்தை சேர்க்கிறேன். எந்த ஸ்டெம் செல் தோலும் வறண்ட கண்ணில் பிழைக்காது. உங்களுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது, இமையின் உள்விளிம்பு தடித்து உரசுகிறதா என்று பார்த்து, உரசினால் உதட்டு உள்தோலை அங்கே ஒட்டும் ஆபரேஷன். அதோடு ஸ்கிளீரல் லென்ஸ். அது கருவிழியைத் தொடாமல் வெள்ளையில் உட்காரும், நடுவில் திரவம் நிற்கும். மணல் உரசுகிற வலி பலருக்கு நன்றாகக் குறைகிறது, பார்வையும் ஓரளவு ஏறுகிறது. ஜப்பானுக்குக் காத்திருக்கும்போதே இருக்கிற கருவிழியைக் காப்பாற்றுவது முக்கியம். பெரிய கருவிழி மையங்களில் இரண்டும் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

மழைமகள்:
உதட்டுத் தோல் விஷயத்தை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. குறித்துக்கொண்டேன். நன்றி அண்ணா.

தாமிரபரணி_மைந்தன்:
எங்கள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழி வீங்கிப் புகைமூட்டமாக இருக்கிறது. அவருக்கும் இந்த ஸ்லெட் ஆகுமா?

ஸ்லிட்லாம்ப்:
ஆகாது. அது உள்பக்க அடுக்கு, இது மேல்தோல். அம்மாவுக்கு உள் அடுக்கை மட்டும் மாற்றும் ஆபரேஷன் தமிழ்நாட்டிலேயே பல இடங்களில் செய்கிறார்கள். ஜப்பானில் கினோஷிதா குழு அந்த உள் அடுக்குச் செல்களை வளர்த்து ஊசியாகவே உள்ளே செலுத்தியது. 11 பேரின் முடிவுகள் 2018-ல் வந்தன, 2023-ல் அங்கே அனுமதியும் கிடைத்தது. தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

மேஸ்திரி_மணி:
கட்டட வேலையில் இருக்கிறேன். சைட்டில் இப்படி நடந்தால் உடனே என்ன செய்யணும்? எங்க பக்கம் எண்ணெய், தாய்ப்பால், மோர், எல்லாம் விடுறாங்க.

ஸ்லிட்லாம்ப்:
தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம். குழாயோ குடமோ, சுத்தமான தண்ணீர் கையில் எது கிடைக்கிறதோ அது. படுக்கவைத்து, தலையைப் பட்ட கண் பக்கமாகச் சாய்த்து, இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். வலியில் கத்துவார், கண்ணை இறுக்குவார், விடக்கூடாது. ஆசிட் பட்டால் மேல் திசு வெந்து உறைந்து ஓரளவு தடுப்பாகிவிடும். சுண்ணாம்பு காரம், செல் சவ்வில் இருக்கிற கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். மேல் இமைக்கடியில் துகள் ஒட்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் வேகும். அதனால் டாக்டரிடம் "இமையைப் புரட்டித் துகள் எடுத்தீர்களா" என்று கேளுங்கள்.

வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புப் பாக்கெட்டும் இதே சாமான்தான். குழந்தைகள் அதை அமுக்கி விளையாடும்போது வெடித்து முகத்தில் தெறிக்கிறது. எங்களிடம் வருகிற சின்னப் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கச் சகிக்காது. பாட்டி வீட்டில் வெற்றிலைப் பெட்டி இருந்தால் தயவுசெய்து உயரத்தில் வையுங்கள்.

மேஸ்திரி_மணி:
சரிங்க. சைட்டுல கலவை போடுற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டிரம் நல்ல தண்ணி, குவளையோட, தனியா வச்சிடுறேன். கண்ணாடியும் வாங்கச் சொல்றேன்.

கரிசல்மண்:
பெரிய மையம் ஒன்றில் காட்டிவிட்டு வந்தோம். நீங்கள் சொன்ன ஆரஞ்சுச் சாயப் பரிசோதனை செய்தார்கள். வளையம் முழுக்கப் போய்விட்டதாம். இடது கண் சுத்தமாக இருக்கிறது. கீழ் இமை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, அதை விடுவித்துவிட்டு அதே மேஜையில் ஸ்லெட் செய்யலாம், கருவிழி மாற்று இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். நானே கேட்பதற்கு முன்னால் அவர்களே சொன்னது நிம்மதி. பழைய தானக் கருவிழியை எடுக்க மாட்டார்களாம். பையன் கேட்கச் சொன்னது ஒன்றுதான்: எப்போது வேலைக்குப் போகலாம்?

ஸ்லிட்லாம்ப்:
சரியான கையில்தான் இருக்கிறீர்கள். லென்ஸ் கண்ணில் இருக்கிற வரை தண்ணீர், தூசி, கசக்குதல் மூன்றும் கூடாது. லென்ஸ் தானாக விழுந்தால் வீட்டில் திரும்பப் போடாமல் அன்றைக்கே ஓடுங்கள், துண்டுகள் விழுவது ஆரம்ப நாட்களில்தான். சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். கண் நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தவும் கூடாது, மருந்துக்கடையில் வாங்கி நீட்டிக்கவும் கூடாது, கண் அழுத்தம் பார்த்துக்கொண்டே குறைப்பார்கள். வேலைக்கு எப்போது என்பதை மேற்பரப்பு மூடியதைப் பார்த்து டாக்டர்தான் சொல்லவேண்டும். சுண்ணாம்பு கரைக்கிற வேலைக்கு மட்டும் அவனை இனி அனுப்பாதீர்கள், பெயின்ட் அடிக்கப் போகட்டும், அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, கருவிழி மாற்றிய தேதி, இதுவரை போட்ட சொட்டு மருந்துகளின் பெயர், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து ஆபரேஷன் அன்று கொண்டுபோங்கள்.